386 விளக்குப் படங்கள்

குடும்பக் குழு: நாச்சியார்கோவில் பட்டறை

சனி, காலை 7:10

பெரியப்பா: பாப்பா, நீ நேற்று ராத்திரி போட்ட படங்களைப் பார்த்தேன். இது நம் பட்டறை விளக்கா?

நான்: ஆமாம் பெரியப்பா. 386 படத்தையும் ஒரே தடவையில் சுருக்கிவிட்டேன். விற்பனைத் தளத்தில் சதுரப் படம்தான் ஏற்றுவார்கள், 1200க்கு 1200 புள்ளி.

பெரியப்பா: நாலடி விளக்கு மூன்றடியாக நிற்கிறது. தண்டு உரல் மாதிரி தடித்துப் போய்விட்டது. உச்சியில் நிற்கும் அன்னத்துக்குக் கழுத்தே இல்லை. நம் ஊர் விளக்குக்கு அழகே அந்தக் கழுத்துதான் அம்மா.

சித்தி: எனக்கு வாத்து என்றுதான் பட்டது 😂

தம்பி (சென்னை): பெரியப்பா கண் கண்தான். செல்போன் படம் 3024க்கு 4032. அதைச் சதுரத்துக்குள் அமுக்கினால் உயரம் சரியாக முக்கால் பங்கு ஆகிவிடும். நாலடி மூன்றடி என்பது கணக்குப்படியே சரி. அக்கா, படம் சுருக்கியது இர்ஃபான்வியூ மென்பொருளில்தானே? நீளம் அகலம் விகிதத்தைக் காப்பாற்றும் கட்டத்தில் டிக் இருந்ததா?

நான்: டிக் இருந்தால் சதுரமாக வரவில்லை. அதனால் எடுத்துவிட்டேன்.

தம்பி (சென்னை): 😐

தம்பி (சென்னை): சரி, மூலப் படங்கள் பத்திரமா?

நான்: அதே ஃபோல்டரில்தான் சேமித்தேன். "மேலெழுதவா" என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் சரி என்று கொடுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

சித்தி: போச்சுடா.

தம்பி (சென்னை): முழுதும் போகவில்லை. அண்ணி ஐபோனில் எடுத்த 300 படமும் ஹெச்இஐசி வகை, ஐபோன் படத்தைச் சேமிக்கும் வடிவம். எங்கும் திறக்கும் ஜேபெக் வகையாக மாறும்போது பெயரின் வாலும் மாறுவதால் அது தனிக் கோப்பாகத்தான் விழும், மூலம் அப்படியே இருக்கும். போனது பெரியப்பா போனில் எடுத்த 40. அவை முதலிலேயே ஜேபெக், அதே பெயர், அதனால் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துவிட்டது.

பெரியப்பா: என் போனில் இருக்கிறது. இப்போதே அனுப்பட்டுமா?

தம்பி (சென்னை): படமாக அனுப்பாதீர்கள் பெரியப்பா, வாட்ஸ்அப் நசுக்கிவிடும். பேப்பர் கிளிப் குறியைத் தொட்டு டாக்குமென்ட் என்பதில் போய் அனுப்புங்கள். சின்னதாக வந்த படத்தை 1200க்கு இழுத்தால் வேலைப்பாடு எல்லாம் கஞ்சியாகிவிடும். சுருக்கலாம், இழுக்க முடியாது.

பெரியப்பா: பித்தளை மாதிரி இல்லை போலிருக்கிறது. நாங்கள் என்றால் உருக்கி மறுபடி ஊற்றிவிடுவோம்.

அண்ணி: அந்த ஹெச்இஐசி தொல்லையே வேண்டாம் என்றால் என்ன செய்வது? போன வருடமும் இதே கதை.

தம்பி (சென்னை): செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ். அதில் மோஸ்ட் கம்பேட்டிபிள். 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து இப்படித்தான். இடம் குறைவாகப் பிடிக்கும் என்பதால் வைத்திருக்கிறார்கள். மாற்றினால் போனில் இடம் சீக்கிரம் நிறையும், அவ்வளவுதான்.

நான்: அந்த 46 பின்னணி வெட்டின படங்களும் கறுப்பாகப் போய்விட்டன, தம்பி.

பெரியப்பா: அதையும் பார்த்தேன். அமாவாசை ராத்திரியில் எடுத்த மாதிரி.

தம்பி (சென்னை): அது பிஎன்ஜி என்ற வகைப் படம். அதில் விளக்கைச் சுற்றி ஒன்றுமே இல்லாத இடம் உண்டு. ஜேபெக்குக்கு வெற்றிடம் என்றால் என்னவென்றே தெரியாது, ஏதாவது ஒரு நிறத்தைக் கொட்டியாக வேண்டும். வெள்ளையைக் கொட்டு என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

தம்பி (சென்னை): இன்னொன்று அக்கா. இர்ஃபான்வியூ வீட்டு உபயோகத்துக்குத்தான் இலவசம். கடை வேலைக்குப் பணம் கட்டிப் பதிய வேண்டும். நான் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளில் செய்து தருகிறேன், அது கடைக்கும் இலவசம்.

சித்தி: மேஜிக்கா?

தம்பி (சென்னை): பெயர்தான் சித்தி. 1987இல் ஜான் கிறிஸ்டி என்பவர் டூபான்ட் கம்பெனியில் இருந்தபோது எழுதியது. கோடிக்கணக்கான நிறம் உள்ள படத்தை 256 நிறம் மட்டும் காட்டும் திரைக்கு மாற்றித் தரச் சொன்னார்களாம். பட்டன் எதுவும் கிடையாது, கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும்.

நான்: அய்யோ, எனக்கு வேண்டாம்.

தம்பி (சென்னை): நீ அடிக்க வேண்டாம். ஒரு சின்னக் கோப்பாக எழுதி அனுப்புகிறேன், இரண்டு முறை க்ளிக் செய். நீண்ட பக்கம் 1200, அகலம் தானாக 900 வரும். மிச்சத்துக்கு இரண்டு ஓரத்திலும் 150 புள்ளி வெள்ளை. விளக்கு அமுங்காது, படமும் சதுரம். இதிலும் மாக்ரிஃபை என்ற கட்டளை கேள்வியே கேட்காமல் மூலத்தின் மேலேயே எழுதிவிடும், அதனால் "சதுரம்" என்று தனி ஃபோல்டருக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.

மாலை 4:25

நான்: மூன்று படம் மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தேன். வடிவம் சரி. ஆனால் அண்ணி எடுத்தது மட்டும் மங்கலாக இருக்கிறது. பொன் நிறம் போய்ப் பழைய சொம்பு மாதிரி.

தம்பி (சென்னை): என் தப்பு. எடுத்த இடம், நேரம் எல்லாம் படத்துக்குள் ஒட்டியிருக்கும். அதை உரிக்கச் சொன்னேன், கூடவே நிறக் குறிப்பும் உரிந்துவிட்டது. ஐபோன் டிஸ்ப்ளே பி3 என்ற அகலமான நிற அளவில் எடுக்கும். அந்தக் குறிப்பு இல்லையென்றால் கணினி சாதாரண அளவாக நினைத்து மங்கலாகக் காட்டும். முதலில் எஸ்ஆர்ஜிபி என்ற அந்தச் சாதாரண அளவுக்கு மாற்றி, அப்புறம் உரிக்கும்படி வரிசையை மாற்றிவிட்டேன். புதுக் கோப்பு இதோ.

பெரியப்பா: எடுத்த இடத்தை ஏன் உரிக்க வேண்டும்? பட்டறை இங்கே இருக்கிறது என்று தெரிந்தால் நல்லதுதானே. காவிரி வண்டல் மண்ணில் வார்த்தது என்றும் சேர்த்துப் போடு.

அண்ணி: பாதிப் படம் நம் வீட்டுக் கூடத்தில் எடுத்தது மாமா. வீடு எங்கே என்று ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம்.

பெரியப்பா: அதுவும் சரிதான்.

இரவு 8:50

நான்: 386ம் முடிந்தது. ஒன்றரை ஜிபி இருந்தது 70 எம்பிக்கு வந்துவிட்டது. படுத்துக் கிடந்த 12 விளக்கும் தானாக எழுந்து நின்றுவிட்டன.

தம்பி (சென்னை): போனைச் சாய்த்து எடுத்தவை. எந்தப் பக்கம் மேல் என்ற குறிப்பை உரிப்பதற்கு முன்பே நிமிர்த்தச் சொல்லியிருந்தேன். மூலப் படங்களை ஒரு பென்டிரைவில் போட்டு பீரோவில் வை.

பெரியப்பா: ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். கழுத்து வந்துவிட்டது. 207 மட்டும் சரியில்லை, அன்னம் பின்னால் திரும்பி நிற்கிறது. இதையும் அந்த மேஜிக் திருப்புமா?

தம்பி (சென்னை): அது மரையில் திருப்ப வேண்டியது பெரியப்பா. சரியாகப் பூட்டி, மறுபடி ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.

அண்ணி: அந்த விளக்கு நேற்றே திருச்சிக்கு விற்றுப் போய்விட்டது மாமா.