மூன்று வயதுக் குழந்தை கையில் பென்சில் எதற்கு?

மணல்தட்டு:
நேற்று வேறொரு இழையில் 'நேர்க்கோடு' என்பவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "மூன்று வயதில் எழுதப் பழக்காத பாலர் பள்ளி வெறும் குழந்தைக் காப்பகம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். 14 வருடமாக மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளோடுதான் என் பகல் போகிறது. மூன்று வயதில் நின்ற கோடு வரும், வட்டம் வரும். கூட்டல் குறி நான்கு வயதை ஒட்டி, சதுரம் அதற்கப்புறம், முக்கோணம் ஐந்து வயது வாக்கில். இப்போது 'அ' எழுதிப் பாருங்கள். சுழி, வளைவு, படுத்த கோடு, நின்ற கோடு எல்லாம் ஒரே எழுத்தில். முக்கோணமே வராத கைக்கு அதைக் கொடுத்துவிட்டு "கையெழுத்து சரியில்லை" என்று சிவப்பு மையில் குறித்து அனுப்புகிறார்கள். மணிக்கட்டு எலும்பே வளராத குழந்தைக்குப் பென்சில் எதற்கு? களிமண் பிசையட்டும், மணலில் விரலால் இழுக்கட்டும், துணி கிளிப்பை அழுத்தி எடுக்கட்டும். அந்த வயதுக்கு எழுத்துப் பாடம் அதுதான்.

நேர்க்கோடு:
என் மகள் மூன்றரை வயதில் தன் பெயரை முழுதாக எழுதினாள். இப்போது அவளுக்கு 9 வயது, கை நன்றாகத்தான் இருக்கிறது. எலும்பு இல்லாமலா எழுதினாள்?

மணல்தட்டு:
ஒரு குழந்தை எழுதியது என்பதற்காக இருபது குழந்தைகளை உட்கார வைத்து எழுத வைக்க வேண்டுமா? உங்கள் மகள் எழுதினாள், சந்தோஷம். என் வகுப்பில் பென்சிலைப் பார்த்தாலே மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்ட பையனை நான் பார்த்திருக்கிறேன். முந்தைய பள்ளியில் தினம் ஒரு பக்கம் எழுத வைத்தார்களாம். அவன் மறுபடி ஒரு கிரேயானைத் தொட நான்கு மாதம் ஆனது.

படிக்கட்டு:
ஒரு நிமிஷம். 'வயதுக்கேற்ற பாடத்திட்டம்' என்று இரண்டு பேருமே எதைச் சொல்கிறீர்கள்? சிறு குழந்தைகளின் கல்விக்கான அமெரிக்காவின் என்.ஏ.இ.ஒய்.சி. அமைப்பு 1987-ல் இதைப் பற்றி வெளியிட்ட நிலைப்பாட்டை 2020-ல் திருத்தியபோது மூன்றைப் பார்க்கச் சொன்னது: குழந்தைகளுக்குப் பொதுவான வளர்ச்சி, அந்தக் குழந்தையின் தனித்தன்மை, அது வளரும் சூழல். இதில் எதை வைத்துப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொள்ளலாமே.

நேர்க்கோடு:
நான் கேட்ட எலும்புக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

எக்ஸ்ரே_அறை:
எலும்புப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், எனக்குத் தினமும் இதுதான் வேலை. மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள். பிறக்கும்போது எல்லாம் குருத்தெலும்பு, அதனால் எக்ஸ்ரே படத்தில் தெரியாது. முதல் வருடத்திலேயே இரண்டு தெரிய ஆரம்பிக்கும், மற்றவை ஒவ்வொன்றாக வரும், கடைசி எலும்பு தெரிய எட்டு வயதுக்கு மேல் ஆகும். "எலும்பே வளரவில்லை, அதனால் எழுதக் கூடாது" என்றால் மூன்றாம் வகுப்பு வரைக்கும் பென்சிலைத் தொடக் கூடாது. எழுதுவதற்கு விரல் தசை, கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யும் பழக்கம், உட்காரும் பொறுமை எல்லாம் வேண்டும். எலும்பை விட்டுவிடுங்கள்.

நேர்க்கோடு:
ஆக, டீச்சர் சொன்னது பொய். 14 வருட அனுபவம்!

மணல்தட்டு:
பொய் என்று யார் சொன்னது? குருத்தெலும்பு என்றால் முழு எலும்பு இல்லை என்றுதானே அர்த்தம்? நான் சொன்னதும் அதைத்தான். எக்ஸ்ரே_அறைக்குப் படம் தெரியும், அந்தக் கை பென்சிலை முஷ்டியால் இறுக்கிப் பிடித்து காகிதத்தைக் கிழிப்பது எனக்குத் தெரியும்.

எக்ஸ்ரே_அறை:
குருத்தெலும்பு இருக்கிறது, 'இல்லை' என்று எழுதாதீர்கள் என்றேன். அவ்வளவுதான்.

மணல்தட்டு:
'வளராத' என்றுதான் எழுதினேன், 'இல்லாத' என்று எழுதவில்லை. மேலே போய்ப் படியுங்கள்.

நேர்க்கோடு:
ஆராய்ச்சியும் என் பக்கம்தான். 1968-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஃபாலோ த்ரூ' திட்டத்தில் பல பாடமுறைகளை ஒப்பிட்டார்கள். ஆசிரியர் படிப்படியாக நேரடியாகக் கற்றுத் தரும் முறையில் படித்தவர்கள்தான் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னால் நின்றார்கள். களிமண் பிசைந்தவர்கள் இல்லை.

மணல்தட்டு:
அது மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை, ஐந்து வயதுக்கு மேல். நாம் பேசுவது மூன்று வயது. மூன்று, நான்கு வயதுக்காரர்களை வைத்து அதே நாட்டில் ஹைஸ்கோப் ஆய்வு நடந்தது. 68 குழந்தைகள், மூன்று பாடமுறைகள். 23 வயதில் திரும்பப் பார்த்தபோது, நேரடிப் போதனையில் படித்தவர்களிடம்தான் கைது வழக்குகள் அதிகம். விளையாடித் திட்டமிட்டுக் கற்றவர்கள் நன்றாக இருந்தார்கள்.

நேர்க்கோடு:
68 பேர்! மூன்றாகப் பிரித்தால் ஒரு குழுவுக்கு எத்தனை பேர்? இதை வைத்து உலகத்துக்கே பாடத்திட்டம் போடுவீர்களா? என் ஒரு மகளைச் சொன்னால் "ஒரு குழந்தை" என்கிறீர்கள்.

மூன்றாம்_பெஞ்சு:
மணல்தட்டு எப்போதும் இப்படித்தான். போன மாதம் இடது கைப் பழக்கம் பற்றிய இழையில் நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. தனக்குத் தெரிந்ததுதான் சட்டம்.

மணல்தட்டு:
அந்த இழையில் "கையை மாற்றிப் பழக்கலாம், தப்பில்லை" என்று எழுதியது நீங்கள்தானே? இடது கைக் குழந்தையின் கையைத் தட்டி மாற்றச் சொல்பவருக்கு நான் பதில் சொல்ல வேண்டுமா?

மூன்றாம்_பெஞ்சு:
தட்டச் சொன்னேனா? எங்கே சொன்னேன், காட்டுங்கள்.

படிக்கட்டு:
நான் கேட்டதை யாராவது பார்த்தீர்களா? எழுத விரும்பும் குழந்தைக்குப் பென்சில், விரும்பாத குழந்தைக்குக் களிமண் என்றால் இரண்டு பேரும் சொல்வது பொருந்துமே.

நேர்க்கோடு:
பொருந்தாது. அவர் முதலில் எலும்பு விஷயத்தில் தவறு என்று ஒத்துக்கொள்ளட்டும்.

மணல்தட்டு:
ஒத்துக்கொள்ள என்ன இருக்கிறது? நாளைக்கும் என் வகுப்பில் மணல்தட்டுதான் இருக்கும். 'ட', 'ப' மாதிரி நேர்க்கோட்டு எழுத்துகளை விரலால் இழுப்பார்கள், 'அ' தானாக வரும் நாளில் வரும். உங்கள் மகள் எழுதிய பெயரில் எத்தனை சுழி எழுத்து இருந்தது, அவள் கையைப் பிடித்து எழுத வைத்தது யார், அதையும் சொல்லுங்கள்.

நேர்க்கோடு:
யாரும் பிடிக்கவில்லை. மணிக்கட்டில் எத்தனை எலும்பு என்று நீங்கள் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே_அறை:
எட்டு.

மூன்றாம்_பெஞ்சு:
நான் எங்கே தட்டச் சொன்னேன் என்பதை இன்னும் காட்டவில்லை.