பிம் மாடல் நம்ம மாதிரி சின்ன கான்ட்ராக்டருக்கு பிரயோஜனமா?

மன்னை_பில்டர்:
எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி சுத்துவட்டாரத்துல வீடு, கடைன்னு எடுத்து பண்ணிட்டு இருக்கேன், இப்பதான் கொஞ்சம் பெருசா ஒரு கல்யாண மண்டபம் வந்திருக்கு. கீழ டைனிங்கும் சமையல்கட்டும், மேல ஹாலு, பின்னாடி ஏசி ரூமுங்க. ஆர்க்கிடெக்ட் திருச்சிக்காரரு, ரெவிட் சாஃப்ட்வேர்ல முழு பிம் மாடல் (கட்டடத்த அளவு, பொருள் விவரத்தோட கம்ப்யூட்டர்லயே 3டியா கட்டிக் காட்டுறது) போட்டுதான் வேலை ஆரம்பிக்கணும்னு சொல்றாரு, அதுக்கு தனியா ஃபீஸ் கேட்டிருக்காரு. ஓனர் நேரா என்கிட்ட வந்து "இது உங்களுக்கு வேணுமா வேண்டாமா"ன்னு கேக்குறாரு. நமக்கு இதுவரைக்கும் ஆட்டோகேட் பிரிண்டும் மேஸ்திரியும் போதும்னு ஓடிருச்சு. 3டி படம் ஓனருக்கு காட்ட நல்லா இருக்கும்னு தெரியும், ஆனா கான்ட்ராக்டருக்கு நேரமோ காசோ நெசமாவே மிச்சமாகுதா? வேலையில யூஸ் பண்ணவங்க சொல்லுங்க.

குடந்தை_சைட்:
மண்டபம்னா வாங்கிக்கங்க சார், வீடா இருந்தா நானே வேண்டாம்னுதான் சொல்லிருப்பேன். ஏன்னா மண்டபத்துல பெரிய ஸ்பேன் (தூணுக்குத் தூண் தூரம்), பீம் நல்ல ஆழமா வரும், அதுக்கு கீழயே ஏசி டக்ட்டு, சமையல்கட்டு புகை டக்ட்டு, ஃபயர் லைன், டாய்லெட் பைப்புன்னு எல்லாம் ஒரே எடத்துக்கு சண்டை போடும். ஆர்க்கிடெக்ட் ஷீட்டுல பீம் இருக்கும், பிளம்பிங் ஷீட்டுல பைப்பு இருக்கும், ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போறது எந்த ஷீட்டுலயும் தெரியாது. 4 இன்ச் பைப்புக்கு 60-க்கு 1 வாட்டம் வச்சாலே 6 மீட்டர் ஓடுறதுக்குள்ள 10 சென்டிமீட்டர் கீழ எறங்கிரும், அத வச்சு ஃபால்ஸ் சீலிங் மட்டம் பார்த்தா டைனிங்ல தலை இடிக்கும். மாடல் இருந்தா நேவிஸ்வொர்க்ஸ்னு மாடல்கள சேத்துப் பாக்குற சாஃப்ட்வேர்ல போட்டு எங்கெங்க மோதுதுன்னு லிஸ்ட் எடுத்துரலாம், ஸ்லீவ் (பைப்பு போக கான்கிரீட்ல முன்னாடியே விடுற ஓட்டை) எங்க விடணும்னு சென்ட்ரிங் (கான்கிரீட்ட தாங்குற பலகை, முட்டு) அடிக்கும்போதே தெரிஞ்சிரும். இல்லன்னா தளம் போட்ட பின்னாடி கான்கிரீட்ட ஓட்டை போடுற கோர் கட்டிங் மெஷினை வாடகைக்கு எடுத்துட்டு வந்து பீம்ல ஓட்டை போடவான்னு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட கெஞ்சணும், அவரு முடியாதும்பாரு. கான்ட்ராக்டருக்கு காசு மிச்சமாகுற எடம் முக்கியமா இதுதான்.

ஆரூர்_சென்ட்ரிங்:
எல்லாம் சரிதாண்ணே, ஆனா மாடல்ல மண்ணு தெரியுமா? நம்ம ஊரு களிமண்ணு, வெயில்ல வெடிக்கும் மழையில ஊதும், கொஞ்சம் தோண்டுனாலே தண்ணி வந்து நிக்கும். மண்ணு டெஸ்ட் பண்ணாம கம்ப்யூட்டர்ல எத்தன கலர்ல காலம் நிறுத்துனாலும் அஸ்திவாரம் கேக்காது. அந்த ஃபீஸ்ல பாதிய மண்ணு டெஸ்டுக்கும் அண்டர் ரீம்டு பைல் (அடியில குமிழ் மாதிரி அகலமாகுற அஸ்திவாரத் தூண்) வேணுமான்னு பாக்குறதுக்கும் செலவு பண்ண சொல்லுங்க மொதல்ல. அப்பறம் இந்த 4டின்னு தேதியோட சேத்து காட்டுறாங்களே, அதுல நடவு சீசன்ல சித்தாள் வர மாட்டாங்குறத எவன் போடுறான்? ஐப்பசி அடைமழையில குழி வெட்டுற மாதிரி ஷெட்யூல் போட்டு குடுத்தத நானே பாத்துருக்கேன்.

குடந்தை_சைட்:
அது மாடல் தப்பு இல்லண்ணே, தேதிய யாரு குடுத்தாங்களோ அவங்க தப்பு. தேதி நீங்க குடுங்க, புரட்டாசிக்குள்ள பிளின்த் பீம் (தரை மட்டத்துல வர்ற பீம்) முடியணும்னா என்னென்ன எப்ப வரணும்னு அதுவே பின்னாலேந்து காட்டும். மண்ணு டெஸ்ட் விஷயத்துல உங்க கட்சிதான் நான்.

தஞ்சை_மாடலர்:
நான் தஞ்சாவூர்ல உக்காந்துகிட்டு கல்ஃப் ப்ராஜெக்டுக்கு மாடல் போடுற ஆளு, அதனால இந்த பக்கத்து கஷ்டத்தையும் சொல்லிடுறேன். மாடல்லேந்து குவான்டிட்டி (எவ்வளவு பொருள்ங்குற கணக்கு) ஒரே பட்டன்ல வரும்னு சொல்வாங்க, வரும்தான், ஆனா வரைஞ்சவன் கட்டுற மாதிரி வரைஞ்சிருந்தாதான் சரியா வரும். சுவத்த பீம் அடிமட்டத்தோட நிறுத்தாம மேல் தளம் வரைக்கும் இழுத்து விட்டா செங்கல் கணக்கு ஏறிப் போயிரும். பீமும் ஸ்லாபும் ஒழுங்கா ஜாயின் ஆகலன்னா ஒரே கான்கிரீட்ட ரெண்டு தடவ எண்ணும். இன்னொண்ணு, கட்டட வேலைய அளக்குற இந்திய தரவிதி ஐஎஸ் 1200 படி 0.1 சதுர மீட்டர் வரைக்கும் உள்ள ஓட்டைய நாம கழிக்க மாட்டோம், மாடல் வெட்டுன ஓட்டையெல்லாம் கழிச்சிரும், சேதாரமும் அதுல கெடையாது. பில் போடுறப்ப இதெல்லாம் பாத்துக்கணும்.

கம்பிதான் ரொம்ப முக்கியம். ஆர்க்கிடெக்ட் குடுக்குற மாடல்ல பெரும்பாலும் கம்பி இருக்காது, வெறும் கான்கிரீட் பெட்டிதான். கம்பியும் சேத்து போட்டுத் தந்தா பார் பென்டிங் ஷெட்யூல் (எந்தக் கம்பிய எந்த நீளத்துல வெட்டி வளைக்கணுங்குற லிஸ்ட்) அதுலேந்தே வரும், கட்டிங்க முன்னாடியே பிளான் பண்ணலாம். 12 மீட்டர் கம்பில 4.2 மீட்டர் பீஸ் ரெண்டு வெட்டுனா 3.6 மீட்டர் மிச்சம், 16 எம்எம்னா அது ஒண்ணே 5.7 கிலோ கிட்ட வருது. அந்த துண்டு எந்த பீமுக்கு எக்ஸ்ட்ரா பாரா போகும்னு வெட்டுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சா பழைய இரும்புக்கடைக்கு போற கம்பி கொறையும்.

மன்னை_பில்டர்:
நன்றி சார், கம்பி விஷயம் நான் யோசிக்கவே இல்ல. எங்கிட்ட ரெவிட் ஓடுற மாதிரி கம்ப்யூட்டர் இல்லையே, அதுக்கு என்ன பண்றது?

தஞ்சை_மாடலர்:
ரெவிட்டு உங்களுக்கு எதுக்கு சார், நீங்க பாக்கத்தானே போறீங்க. மாடல பாக்க மட்டும் உள்ள நேவிஸ்வொர்க்ஸ் ஃப்ரீடம் ஓசிதான், அதுல தொறக்குற என்டபிள்யூடி ஃபைலா குடுக்க சொல்லுங்க. கூடவே ஐஎஃப்சி ஃபைலும் (எந்த பிம் சாஃப்ட்வேர்லயும் தொறக்குற பொது ஃபைல்) கண்டிப்பா கேளுங்க, ஏன்னா புது வெர்ஷன் ரெவிட் ஃபைல் பழைய வெர்ஷன்ல தொறக்காது, நாளைக்கு வேற ஆள வச்சு பாக்கணும்னா முழிக்கணும்.

குடந்தை_சைட்:
சைட்டுல போன்லயே காட்டலாம். எங்ககிட்ட கம்பி கட்டுறவங்க பாதிப் பேரு வடக்கேந்து வந்தவங்க, ட்ராயிங்க நீட்டி கத்துறதுக்கு பதிலா காலம் ஜங்ஷன சுத்திக் காட்டுனா டக்குனு புடிச்சிக்கிறாங்க. ஓனர்கிட்ட ஃபீஸ் பேசுறப்ப ஒண்ணு மட்டும் எழுதி வாங்கிக்கங்க: ஸ்ட்ரக்சர், பிளம்பிங், எலக்ட்ரிக்கல், ஏசி நாலும் மாடல்ல இருக்கணும், கிளாஷ் ரிப்போர்ட் (எங்கெங்க மோதுதுங்குற லிஸ்ட்) சென்ட்ரிங்குக்கு முன்னாடி கைக்கு வரணும், நடுவுல பிளான் மாறுனா மாடலையும் அவங்களே மாத்தித் தரணும். ஆர்க்கிடெக்ட் மாடல் மட்டும்னா அது வெறும் படம்தான், அதுக்கு தனி ஃபீஸ் வேண்டாம்.

ஆரூர்_சென்ட்ரிங்:
நாலும் எழுதிக் குடுத்தா எனக்கும் ஓகேதான். மண்ணு டெஸ்ட்ட மறந்துராதீங்க.