பெல்ட் வலது பக்கமா ஏறுது, டெயில் ஸ்க்ரூவ முறுக்கலாமா?

குவாரிக்காரன்: வணக்கம் அண்ணே, தென்னாப்பிரிக்கால டர்பன் பக்கம் கல் குவாரில வேலை. கல் உடைக்கிற க்ரஷர்ல இருந்து கல் சலிக்கிற ஸ்கிரீனுக்கு போற கன்வேயர் பெல்ட் மழை ஆரம்பிச்சதுல இருந்து வலது பக்கமா ஏறி, ஓரம் ஃப்ரேம்ல உரசி நூல் நூலா பிரியுது. ஃபோர்மேன் டெயில் ஸ்க்ரூவ, அதான் பெல்ட்டோட பின்முனை உருளைய இழுத்து டைட் வைக்கிற ஸ்க்ரூவ, முறுக்குங்கறாரு.

ரிச்சர்ட்ஸ்பே ராஜா: முறுக்கு தம்பி, இதுல என்ன யோசனை. பெல்ட் எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்க ஸ்க்ரூவ கால் சுத்து டைட் வை, தானா நடுவுக்கு வரும். நிலக்கரி யார்டுல நாங்க இதத்தான் பண்றோம்.

கரும்புமில் கதிர்: ராஜாண்ணே அது கடைசி வைத்தியம். தம்பி முதல்ல எட்டி நின்னு பாரு, முழு பெல்ட்டும் ஒரே இடத்துக்கு வந்ததும் விலகுதா, இல்ல பெல்ட்டோட ஒரே துண்டு மட்டும் போற இடமெல்லாம் விலகுதா? ஒரே இடம்னா அங்கயும் அதுக்கு முன்னாடியும் இருக்குற ரோலர்ல கோளாறு, ஒரே துண்டுன்னா பெல்ட் முனைய இணைச்ச ஜாயிண்ட் கோணல், அத ஸ்க்ரூ வச்சு எந்த கொம்பனாலும் சரி பண்ண முடியாது. மழைல இருந்துன்னு வேற சொல்ற, பெல்ட் காலியா திரும்பி வர்ற அடிப்பக்கத்த தாங்குற ரிட்டர்ன் ரோலர்ல கல்தூள் சேறு அடை மாதிரி அப்பிருக்கும், பெல்ட்ல ஒட்டுன சேற வழிக்கிற ஸ்கிரேப்பர் பிளேடு தேஞ்சிருக்கும்.

ரிச்சர்ட்ஸ்பே ராஜா: நீ பெல்ட்ட நிறுத்தி ரோலர் சுரண்டிட்டு இருந்தா டன்னேஜுக்கு யாரு பதில் சொல்றது? லோட் ஷெடிங் கரண்ட் கட்டுல லோடோட நின்ன பெல்ட், கரண்ட் வந்து கிளம்பும்போது டென்ஷன் பத்தாம பெல்ட்ட இழுக்கிற ட்ரைவ் புல்லி சும்மா சுத்தி, அதுமேல பிடிப்புக்கு இருக்குற ரப்பர் லேகிங் வழுவழுன்னு போனத நேர்ல பாத்தவன் நான்.

கரும்புமில் கதிர்: அது ஸ்லிப்புண்ணே, இவன் கேக்குறது டிராக்கிங், பெல்ட் நடுவுல நேரா ஓடுற விஷயம், ரெண்டும் வேற வேற நோய். டைட் மேல டைட் வச்சா பேரிங் சூடாகும், ஜாயிண்ட் இழுபட்டு ஒரு நாள் நடுராத்திரி ஷிஃப்ட்ல பிச்சுக்கும், அப்ப டன்னேஜ் எங்க போகும்?

சேஃப்டி அக்கா: சண்டை போடுங்க, ஆனா ஓடுற பெல்ட்ல மண்வெட்டிய நீட்டி சேறு தட்டுற வேலை மட்டும் வேணாம். கரண்ட்ட துண்டிக்கிற ஐசோலேட்டர் சுவிட்ச ஆஃப் பண்ணி உன் பூட்ட போட்டு சாவிய பாக்கெட்ல வை தம்பி. குவாரியும் இங்க சுரங்க கணக்குதான், 1996 சுரங்க சுகாதார, பாதுகாப்பு சட்டம் உனக்கும் உண்டு. பெல்ட் ஓரமா இருக்குற அவசர கயித்த (புல் கார்டு) இழுத்து நிறுத்துறது, இப்படி பூட்டு போடுற லாக்அவுட் ஆகாது.

குவாரிக்காரன்: பாத்துட்டேன், டெயில் தாண்டுறதுக்கு முன்னாடி ஒரே இடத்துலதான் விலகுது. அந்த ரிட்டர்ன் ரோலர்ல ஒரு பக்கம் மட்டும் கட்டைவிரல் கனத்துக்கு சேறு காஞ்சு கிடக்கு. டீ டைம்ல பூட்டு போட்டு சுரண்டப்போறேன்.

ரிச்சர்ட்ஸ்பே ராஜா: சுரண்டு சுரண்டு. அப்புறமும் ஒரு விரக்கடை விலகும், அதுக்கு ஸ்க்ரூவத்தான் தொடணும்.

கரும்புமில் கதிர்: தொடட்டும், சுரண்டின பிறகு. கால் சுத்து வச்சுட்டு பெல்ட்ட சில ரவுண்டு ஓட விட்டு பாக்கணும், உடனே அடுத்த கால் சுத்து கிடையாது.