மெம்பிஸிலிருந்து தாமதமாக வந்த தட்டு

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து ராக் இசைக்குழுவான பிக் ஸ்டாரை நான் தேடிப்போய்க் கண்டுபிடித்தேன் என்று பெருமை பேச முடியாது. பழைய இசைத்தட்டுக் கடையொன்றில் வேறு எதையோ துழாவிக்கொண்டிருந்தபோது, இரத்தச் சிவப்பில் ஒரு கூரையும், அதன் நடுவே மூடியில்லாத பல்பும், பல்பிலிருந்து பிரிந்து ஓடும் வெள்ளை மின்கம்பிகளுமாக ஓர் உறை கையில் தட்டுப்பட்டது. வில்லியம் எகிள்ஸ்டன் எடுத்த அந்தப் படத்துக்காகவே அந்தக் குழு 1974இல் வெளியிட்ட 'ரேடியோ சிட்டி' தொகுப்பின் மறுபதிப்பை வாங்கி வந்தேன்.

முதல் பாடல் எனக்குப் பிடிக்கவில்லை. கிதார் தடுக்கி விழுந்து எழுவதுபோல் போனது. பதிவு செய்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். தட்டைத் திருப்பிப் போட்டு, ஐந்தாவது பாடலான 'செப்டம்பர் கேர்ல்ஸ்' தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தி பேங்கிள்ஸ் குழு 1986இல் பாடியதைப் பல ஆண்டுகளாகக் கேட்டு, அவர்களுடைய சொந்தப் பாட்டென்றே நம்பியிருந்தேன். மூலத்தில் குரல் ஒன்றையும் வற்புறுத்தவில்லை, கிதார்தான் கண்ணாடிபோல் பளிச்சிட்டது.

இவ்வளவு நல்ல இசை ஏன் காதில் விழாமல் போனது என்று படிக்கத் தொடங்கியபோது எரிச்சல்தான் வந்தது. பிக் ஸ்டாரின் பாடகர் அலெக்ஸ் சில்டன் பதினாறு வயதில், 1967இல், தி பாக்ஸ் டாப்ஸ் குழுவோடு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தவர். ஆர்டென்ட் ஒலிப்பதிவுக் கூடத்தின் எதிரிலிருந்த மளிகைக் கடையின் பெயரைப் புதிய குழுவுக்கு வைத்து, 1972இல் வந்த முதல் தொகுப்புக்கு 'நம்பர் ஒன் ரெக்கார்ட்' என்றே பெயரிட்டார்கள். (நாக்கில் சனி என்பார்களே, அதுதான்.) விமர்சகர்கள் கொண்டாடினார்கள், ஆனால் ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் விநியோகம் சீர்குலைந்ததால் தட்டு கடைகளுக்கே சரியாகப் போய்ச் சேரவில்லை, பத்தாயிரம் பிரதிகள்கூட விற்கவில்லை.

அந்தத் தொகுப்பின் பாதி உயிரான கிறிஸ் பெல், மனம் உடைந்து குழுவை விட்டு விலகினார். 1978இல் 'ஐ ஆம் தி காஸ்மாஸ்' என்ற ஒரே ஒரு தனித்தட்டு வெளியிட்டு, அதே ஆண்டு டிசம்பரில் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 27. அதன் மறுபதிப்பு என்னிடம் இருக்கிறது. அந்த அசல் ஏழு அங்குலத் தட்டுக்காகத்தான் இப்போது எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் சிறிய தட்டுகள் அடுக்கிய பெட்டியின் முன் குந்திவிடுகிறேன்.