ஹெட்போனில் இசை கேட்கிறது, பாடுகிறவர் குரல் மட்டும் காணோம். வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

குடந்தை மகள் (சனி, இரவு 9.40)

வணக்கம். அப்பாவின் ஹெட்போனுக்காகக் கேட்கிறேன். காதை முழுக்க மூடுகிற வகை, வயர் உள்ளது, மைக் கிடையாது. அம்மா தூங்கிய பிறகு திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்பது அவருக்குப் பல வருடப் பழக்கம்.

முந்தாநாள் “பாட்டுல ஆளே இல்லையேம்மா” என்றார். நானும் மாட்டிப் பார்த்தேன். வயலினும் தபேலாவும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கின்றன, பாடுகிறவர் குரல் இல்லை. எண்பதுகளின் பாட்டில் இப்படி இசையாவது வருகிறது. அவருக்கு உயிரான கறுப்பு வெள்ளைக் காலப் பாட்டுகளைப் போட்டால் ஒன்றுமே கேட்கவில்லை. ஜாக்கைக் கட்டைவிரலால் ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால் எல்லாம் திரும்பி வருகிறது, விட்டால் போய்விடுகிறது.

கடையில் கேட்டேன். இதையெல்லாம் பார்ப்பதில்லை, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்பாவுக்கு இது தலைக்குப் பழகிவிட்டது, மாற்ற மனமில்லை. தம்பியின் 25 வாட் சால்டரிங் அயர்னும் ஒரு மல்டிமீட்டரும் வீட்டில் இருக்கின்றன. ஈயம் பற்றவைத்து எனக்குப் பழக்கமில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

மாடிவீட்டுக்காரன் (சனி, இரவு 10.05)

எதையும் வெட்டுவதற்கு முன் வேறொரு போனில் சொருகிப் பாருங்கள் சகோதரி. போனின் ஓட்டைக்குள் சட்டைப்பை பஞ்சு அடைத்துக்கொண்டாலும் ஜாக் முழுதாக உள்ளே போகாது, இதே மாதிரி கேட்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். ஊசி வேண்டாம், உள்ளே இருக்கும் தகடு வளைந்துவிடும்.

குடந்தை மகள் (சனி, இரவு 10.30)

என் போன், லேப்டாப் இரண்டிலும் பார்த்துவிட்டேன் அண்ணா, அதே கதைதான். அப்பா போனில் கொஞ்சம் பஞ்சு இருந்தது, எடுத்தேன். மாற்றமில்லை.

பழைய ரேடியோ (ஞாயிறு, காலை 6.15)

நீங்கள் சொன்ன அடையாளமே போதும் அம்மா. உங்கள் ஹெட்போனில் கிரவுண்ட் வயர் அறுந்திருக்கிறது.

ஜாக்கில் கறுப்பு வளையம் இரண்டு இருக்கும், பாருங்கள். அவை உலோகத்தை மூன்று துண்டாகப் பிரிக்கின்றன. நுனி இடது காது, நடுத்துண்டு வலது காது, வயரை ஒட்டிய அடித்துண்டு இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட். அந்தப் பொது வயர் அறுந்துவிட்டால் மின்சாரம் திரும்ப வழியில்லாமல் ஒரு காதின் ஸ்பீக்கர் வழியாகப் போய் மற்றதன் வழியாக வரும். அப்போது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் ஒலிக்கும். பாடுகிறவர் குரலை இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவதுதான் வழக்கம், அதனால் குரல் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துவிடுகிறது. கறுப்பு வெள்ளைக் காலப் பாட்டு மோனோ. அதில் இடது வலது என்று வித்தியாசமே இல்லை, ஆகவே மொத்தப் பாட்டும் போய்விட்டது. அப்பாவின் காதும் சரி, ஸ்பீக்கரும் சரி, நன்றாகவே இருக்கின்றன.

மீட்டரை 200 ஓமில் வைத்து மூன்று அளவு எடுங்கள்: நுனிக்கும் நடுவுக்கும், நுனிக்கும் அடிக்கும், நடுவுக்கும் அடிக்கும். என்ன வருகிறது என்று எழுதுங்கள், அப்புறம் கத்தியை எடுக்கலாம்.

குடந்தை மகள் (ஞாயிறு, காலை 8.50)

ஐயா, படித்ததும் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். காது மந்தமாகிவிட்டதோ என்று மனதுக்குள் பயந்துகொண்டிருந்தாராம்.

நுனிக்கும் நடுவுக்கும் 67. மற்ற இரண்டிலும் திரையின் ஓரத்தில் வெறும் 1 நிற்கிறது. ஜாக்கைச் சாய்த்துப் பிடித்தால் 33, 34 என்று வந்து வந்து போகிறது.

பழைய ரேடியோ (ஞாயிறு, காலை 9.20)

அந்த 1 என்றால் இணைப்பே இல்லை என்று அர்த்தம். 33-ம் 34-ம் சேர்ந்து 67, கணக்குச் சரியாக இருக்கிறது. சாய்த்தால் வருவதால் அறுந்த இடம் ஜாக்கின் கழுத்துதான். பாட்டுக் கேட்கும்போது அப்பா போனைச் சட்டைப்பையில் வைப்பாரா? ஜாக் மேலே நீட்டிக்கொண்டு, குனியும்போதெல்லாம் வயர் அதே இடத்தில் மடங்கியிருக்கும்.

இனி செய்ய வேண்டியது: திருகு மூடி உள்ள 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ ஜாக் ஒன்று வாங்குங்கள். எல் வடிவத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய ஜாக்கிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி வயரை வெட்டுங்கள், மேல் உறையைச் சீவுங்கள். சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் கிரவுண்ட் என்றுதான் பெரும்பாலும் வரும். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மீட்டர் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். பற்றவைக்கும் முன் ஜாக்கின் மூடியை வயரில் கோத்துவிடுங்கள். அதை மறந்தால் திரும்பப் பிரிக்கத்தான் வேண்டும்.

ஈயம் வயரில் நன்றாகப் பிடிக்க முதலில் தடவுகிற ஃபிளக்ஸ் வாங்கும்போது, எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கான ரோசின் என்று கேட்டு வாங்குங்கள். தகரம் ஒட்டுகிற அமில வகை மெல்லிய வயரை நாளடைவில் அரித்துவிடும்.

கோவை சரவெடி (ஞாயிறு, பகல் 12.10)

நடுவில் என் சந்தேகம், மன்னிக்கவும். என் ஜாக்கில் கறுப்பு வளையம் மூன்று இருக்கிறது. அதுவும் இதே முறைதானா? வயர் இல்லாத புளூடூத் பட்ஸ் ஒன்றும் உப்பிக்கொண்டு திறந்து கிடக்கிறது.

பழைய ரேடியோ (ஞாயிறு, பகல் 12.40)

மூன்று வளையம் என்றால் மைக்கும் உண்டு தம்பி, நான்கு முனை. இப்போதைய போன்களில் நுனி இடது, அடுத்தது வலது, மூன்றாவது கிரவுண்ட், அடித்துண்டு மைக். சில பழைய போன்களில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும்.

உப்பிய பட்ஸைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே லித்தியம் பேட்டரி, குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். சார்ஜ் போடாமல், எரியும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

குடந்தை மகள் (ஞாயிறு, மாலை 5.30)

ஐயா, ஜாக் வாங்கிவிட்டேன், 30 ரூபாய். எல் வடிவம் இங்கே கிடைக்கவில்லை. வயரை வெட்டிச் சீவினேன். உள்ளே சிவப்பு, பச்சை, செம்பு நிறத்தில் இரண்டு, ஆக நான்கு. ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லிய இழைகளாக இருக்கிறது, நடுவில் வெள்ளை நூல் வேறு ஓடுகிறது.

ஈயம் ஒட்டவே மாட்டேன் என்கிறது. தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டு உருண்டு விழுகிறது. மீட்டர் வைத்தாலும் ஒன்றும் காட்டவில்லை. வயரைக் கெடுத்துவிட்டேனா?

பழைய ரேடியோ (ஞாயிறு, மாலை 5.55)

கெடவில்லை அம்மா. வீட்டில் முதன்முறை செய்கிற எல்லோரும் வந்து நிற்கிற இடம் இது. சிவப்பும் பச்சையும் அந்தச் செம்பு நிறமும் செம்பின் மேல் பூசிய எனாமல் அரக்கு. மின்சாரத்தையும் விடாது, ஈயத்தையும் விடாது. அதை எரித்து எடுக்க வேண்டும்.

வெள்ளை நூலைப் பிரித்துக் கத்தரித்துவிட்டு, இழைகளை முறுக்கி நுனியில் ஃபிளக்ஸ் தடவுங்கள். அயர்ன் நன்றாகச் சூடான பிறகு அதன் முனையில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி, அந்தச் சொட்டுக்குள் வயரின் நுனியை மூழ்கவைத்து நாலைந்து வினாடி பிடியுங்கள். கொஞ்சம் புகை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நிறம் கருகிப்போய் ஈயம் சட்டென்று வயர்மேல் ஏறி வெள்ளியாக மின்னும். அந்த மின்னல் வரும்வரை விடாதீர்கள். சிலர் லைட்டரில் காட்டுவார்கள். எனக்கு அது பிடிக்காது, இவ்வளவு மெல்லிய இழை தீயில் முறுகி ஒடிந்துபோகும்.

செம்பு நிறம் இரண்டும் கிரவுண்ட்தான், சேர்த்து முறுக்கிவிடலாம். பற்றவைக்கும்போது புது ஜாக்கைப் பழைய வானொலி எதிலாவது சொருகி நிறுத்துங்கள். கையும் ஓயும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இளகினாலும் முனைகள் நகராது.

குடந்தை மகள் (ஞாயிறு, இரவு 8.20)

மின்னியது ஐயா! மூன்றும் பிடித்துக்கொண்டன. ஆனால் நுனிக்கும் அடிக்கும் 0.4 என்று காட்டுகிறது. நடுவுக்கும் அடிக்கும் 34 சரியாக இருக்கிறது. போனில் சொருகிப் பார்க்கலாமா?

பழைய ரேடியோ (ஞாயிறு, இரவு 8.30)

சொருகாதீர்கள். இடது பக்கம் ஷார்ட் ஆகியிருக்கிறது, போனுக்கு நல்லதில்லை. கிரவுண்டின் ஓர் இழை பிரிந்துபோய் இடது முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும். வெளிச்சத்தில் பிடித்துத் தேடுங்கள்.

குடந்தை மகள் (ஞாயிறு, இரவு 9.45)

அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்துத் தேடினேன். ஒரே ஒரு இழை, கண்ணிமை முடிபோல வளைந்து இடது முனைமேல் படுத்திருந்தது. ஊசியால் தூக்கிக் கத்தரித்தேன். இப்போது 33, 34, 67. முனைகளுக்கு நடுவே சின்னத் துண்டு டேப் வைத்து மூடியைத் திருகிவிட்டேன். கழுத்து மறுபடி மடங்காமல் இருக்க பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங்கை வயரில் சுற்றியிருக்கிறேன்.

திண்ணையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலில் கறுப்பு வெள்ளைப் பாட்டு ஒன்றைத்தான் போட்டார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு ஒரு காது மூடியை மட்டும் தூக்கி என் காதருகே நீட்டினார். குரல் அப்படியே முன்னால் நிற்கிறது. மிக்க நன்றி ஐயா.

பழைய ரேடியோ (திங்கள், காலை 6.05)

ரொம்ப சந்தோஷம் அம்மா. சென்னைக்கு யாராவது போனால் ரிச்சி தெருவில் எல் வடிவ ஜாக் வாங்கிவரச் சொல்லுங்கள். அதுவரை போனைச் சட்டைப்பையில் வைக்காமல் பக்கத்தில் திண்ணைமேல் வைத்துக்கொள்ளட்டும்.