அடித்தள விளையாட்டுக் கழகங்களுக்குப் பொதுநிதி: கட்டடத்துக்கா, நடப்புச் செலவுக்கா?

கேள்வி (கழகச் செயலாளர்)

வணக்கம். நான் ஒரு சிறிய விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். எங்கள் உள்ளாட்சி அமைப்பு, அடித்தளக் கழகங்களுக்கென முதன்முறையாக ஒரு நிதியை ஒதுக்கி, அதைப் பங்கிடும் விதிமுறைகளின் வரைவைக் கழகங்களின் கருத்துக்கு அனுப்பியிருக்கிறது. வரைவின்படி நிதியின் பெரும்பகுதி உடைமாற்றும் அறை, பார்வையாளர் மாடம், சுற்றுச்சுவர் போன்ற கட்டுமானங்களுக்கே போகிறது. எஞ்சியதைக் கழகங்கள் வென்ற பதக்கங்களைக் கணக்கிட்டுப் பிரித்துக் கொடுப்பார்களாம். மைதான வாடகை, மின்கட்டணம், பந்து, வலை, நடுவர் படி, காப்பீடு, பயிற்றுநர் ஊதியம் ஆகியவற்றுக்கு ஒரு காசும் இல்லை. அவற்றைச் சந்தாவிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அதிகாரிகளின் நிலைப்பாடு.

சந்தாவை உயர்த்தினால் முதலில் விலகும் பிள்ளைகள் யார் என்பது கழகம் நடத்தும் எவருக்கும் தெரியும். ஆகவே மூன்று கேள்விகள். பொதுப்பணத்தைக் கழகத்தின் அன்றாடச் செலவுக்குக் கேட்பது முறைதானா? பதக்கத்தைத் தவிர வேறு எந்த அளவுகோலைப் பரிந்துரைக்கலாம்? மற்ற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள்? எழுத்துப்பூர்வமான பதில் தர வேண்டியிருப்பதால், விவரமறிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (இளையோர் பயிற்றுநர்)

முறைதான், தயங்காமல் கேளுங்கள். கட்டடத்துக்கே பணம் ஒதுக்கும் பழக்கத்துக்குக் காரணம் எளிது. கட்டடத்தைத் திறந்து வைக்கலாம், அதில் கல்வெட்டுப் பதிக்கலாம், ஒரே ஆண்டில் செலவுக் கணக்கையும் முடித்துவிடலாம். வாரத்தில் மூன்று மாலைகள் ஒரு பயிற்றுநர் தவறாமல் மைதானத்துக்கு வருவதற்குத் திறப்பு விழா கிடையாது. ஆனால் பிள்ளைகள் தொடர்ந்து வருவதும் நின்றுவிடுவதும் அவர் வருவதைப் பொறுத்தே இருக்கிறது. நடப்புச் செலவுக்கு வழி சொல்லாமல் கட்டடம் மட்டும் தருவது, வருமானமில்லாத வீட்டில் யானையைக் கட்டிவிட்டுப் போவதற்கு ஒப்பானது. விளக்குக் கம்பங்கள் நிற்கும், மின்கட்டணம் கட்ட முடியாமல் இருட்டில் நிற்கும்.

பதக்கக் கணக்கைப் பற்றி நீங்கள் எழுதப்போகும் பதிலில் பிரிட்டனின் அனுபவத்தைக் கட்டாயம் சேர்க்கலாம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒரே ஒரு தங்கம் வென்று பதக்கப் பட்டியலில் 36ஆம் இடத்தில் இருந்த நாடு அது. அதன்பின் 1994இல் தொடங்கப்பட்டிருந்த தேசிய லாட்டரியின் பணத்தை, வெல்லும் வாய்ப்புள்ள ஆட்டங்களுக்குக் குவித்துக் கொடுத்தார்கள். 2016 ரியோவில் 27 தங்கங்களுடன் இரண்டாம் இடம் கிடைத்தது. உச்சநிலைப் போட்டிக்கு அந்த வழி பலன் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக்கையொட்டி மேலும் 10 லட்சம் பேரை விளையாட வைப்போம் என்று அறிவித்த இலக்கை, போட்டி தொடங்குவதற்கு முன்னரே, 2011இல், அரசே கைவிட்டது. பதக்கம் பெருகினால் விளையாடுவோரும் தாமாகப் பெருகிவிடுவார்கள் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

அடித்தளக் கழகத்துக்குப் பதக்கம் அளவுகோலாக இருப்பதில் இன்னொரு கேடும் உண்டு. பத்து வயதுப் பிள்ளைகளில் உயரமாக, வேகமாக வளர்ந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை ஓரத்தில் உட்கார வைக்கும் பயிற்றுநருக்கு அது பரிசு கொடுக்கிறது. நார்வேயின் விளையாட்டுக் கூட்டமைப்பு 1987இலேயே குழந்தைகள் விளையாட்டுக்கெனத் தனி விதிகள் வகுத்தது. இப்போதுள்ள விதிகளின்படி, 11 வயது ஆகும் வரை போட்டி முடிவுகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிடுவதில்லை. அந்த நாட்டின் குளிர்கால ஒலிம்பிக் சாதனைகளை அறிந்தவர்கள், அவ்விதிகள் திறமையைக் கெடுத்துவிட்டன என்று சொல்ல மாட்டார்கள்.

மறுமொழி 2 (கணக்குத் தணிக்கையாளர்)

பயிற்றுநர் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் என் பார்வையில், பணம் எதற்குத் தரப்படுகிறது என்பதைவிட யார், எந்த விதியின்படி, எவ்வளவு வெளிப்படையாகத் தருகிறார் என்பதே முதன்மையானது. இதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே 2018இல் சமூக விளையாட்டுக் கட்டமைப்புக்கென ஏறத்தாழ 10 கோடி ஆஸ்திரேலிய டாலர் மதிப்பில் ஒரு மானியத் திட்டம் தொடங்கப்பட்டது. விண்ணப்பங்களை மதிப்பிட்டு மதிப்பெண் தரும் பொறுப்பு, அரசின் விளையாட்டு அமைப்பிடம் இருந்தது. அதனுடன் இணையாக அமைச்சர் அலுவலகம் தனியே ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, தேர்தலில் கடும் போட்டி நிலவும் தொகுதிகளுக்கு முன்னுரிமை தந்தது என்று 2020 ஜனவரியில் வெளியான தேசியத் தணிக்கை அறிக்கை கூறியது. அதனால் உயர்ந்த மதிப்பெண் பெற்ற கழகங்கள் புறக்கணிக்கப்பட்டன. குறைந்த மதிப்பெண் பெற்றவை பணம் பெற்றன. அடுத்த மாதமே அமைச்சர் பதவி விலகினார். ஆனால் பதவி விலகலுக்குச் சொல்லப்பட்ட நேரடிக் காரணம், மானியம் பெற்ற ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தில் தாம் உறுப்பினராக இருப்பதை அவர் அறிவிக்காமல் விட்டது என்பதே. (பெரிய தவறு ஒன்றிருக்கச் சிறிய தவறு ஒன்றின் பேரில் கணக்குத் தீர்க்கப்படுவது தணிக்கைத் துறையினருக்குப் புதிதன்று.)

இதிலிருந்து உங்கள் வரைவுக்குச் சொல்லக்கூடியது: மதிப்பெண் முறை நன்றாக இருந்தது மட்டும் போதவில்லை, அந்த மதிப்பெண்ணைத் தாண்டிச் செல்லும் அதிகாரமும் யாரிடமோ இருந்தது. எனவே ஒவ்வொரு விண்ணப்பமும் பெற்ற மதிப்பெண், தேர்வானவை, தேராதவை, பரிந்துரைக்கு மாறாக முடிவெடுத்தவர் பெயர், அவர் எழுத்தில் தந்த காரணம் ஆகிய அனைத்தையும் முடிவன்றே வெளியிட வேண்டும் என்ற விதியைக் கேளுங்கள். மாறாக முடிவெடுக்கவே கூடாது என்று கேட்டால் ஏற்க மாட்டார்கள். காரணத்தை எழுதிவைக்கச் சொன்னால் மறுப்பது கடினம். முடிவெடுக்கும் குழுவில் இருப்பவர், தமக்குத் தொடர்புள்ள கழகத்தின் விண்ணப்பம் வரும்போது எழுந்து வெளியே செல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3 (மாற்றுக் கருத்துடைய வாசகர்)

எல்லாரும் ஒரே திசையில் பேசுவதால் எதிர்ப்பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். கழகம் என்பது உறுப்பினர்களின் சங்கம். உறுப்பினரல்லாத வரிசெலுத்துவோர் அதன் மின்கட்டணத்தை ஏன் செலுத்த வேண்டும்? நோக்கம் ஏழைப் பிள்ளைகள் விளையாடுவது என்றால், பணத்தைக் கழகத்திடம் தராமல் பிள்ளையின் கையில் கொடுங்கள். பிரான்ஸ் 2021இல் அப்படித்தான் செய்தது. குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 50 யூரோ உதவியை அறிவித்து, அவர்கள் சேரும் கழகத்தின் கட்டணத்தில் அதைக் கழித்துக்கொள்ளச் செய்தது. நன்றாக நடக்கும் கழகத்துக்குப் பிள்ளைகள் வருவார்கள், பணமும் வரும். செயலாளருக்கு யாரைத் தெரியும் என்பதற்கும் நிதிக்கும் தொடர்பே இருக்காது. தணிக்கையாளர் கவலைப்படும் ஊழலுக்கும் இதைவிட நல்ல மருந்து இல்லை.

நடப்புச் செலவுக்கு ஆண்டுதோறும் மானியம் வரத் தொடங்கினால், பொதுக்குழுவைக் கூட்டுவதையும் நன்கொடை திரட்டுவதையும் நிறுத்திவிட்டு மானிய விண்ணப்பம் எழுதுவதையே தொழிலாக்கிக்கொள்ளும் கழகங்கள் உருவாகும் என்ற அச்சமும் எனக்கு உண்டு.

மறுமொழி 4 (இளையோர் பயிற்றுநர், மீண்டும்)

நண்பரின் கேள்வி நியாயமானது. பொதுப்பணம் வாங்கும் கழகம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதே அதற்கு நான் தரும் பதில். விண்ணப்பிக்கும் எவரையும் சேர்த்துக்கொள்வது, கட்டணம் செலுத்த இயலாதவருக்கு விலக்குத் தருவது, மாலை நேரத்தின் நல்ல மணிகளைப் பெண்பிள்ளைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பிரித்துத் தருவது ஆகியவை மானியத்துக்கு நிபந்தனையாகட்டும். இவற்றை ஏற்காத கழகம் தன் சந்தாவில் தாராளமாக நடக்கட்டும்.

பிள்ளையின் கையில் உதவித்தொகை தரும் முறையை நான் எதிர்க்கவில்லை. அது மட்டுமே போதும் என்பதைத்தான் மறுக்கிறேன். சேருவதற்குக் கழகம் இருக்கும் இடத்தில்தான் அது பயன்படும். பயிற்றுநரும் மைதானமும் இல்லாத பகுதியில் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு பிள்ளை எங்கே போகும்? மேலும் இது ஏழைகளின் சிக்கல் மட்டும் என்று நினைப்பதும் சரியன்று. 146 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 11 முதல் 17 வயதுள்ளோரில் 81 விழுக்காட்டினர் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்ற பரிந்துரை அளவுக்கு உடலுழைப்போ விளையாட்டோ இல்லாமல் இருந்தார்கள். பெண்பிள்ளைகளில் இது 85 விழுக்காடு, ஆண்பிள்ளைகளில் 78 விழுக்காடு. செல்வ நாடுகளும் இதற்கு விலக்காக இல்லை.

மானியம் தன்னார்வத்தைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு ஜெர்மனியைப் பாருங்கள். ஏறத்தாழ 86,000 கழகங்கள் உள்ள நாடு அது; அவற்றின் முதுகெலும்பு தன்னார்வலர்கள்தான். கழகத்தில் பகுதிநேரமாகப் பயிற்சி தருவோர் பெறும் சிறு தொகைக்கு அங்கே வருமான வரி இல்லை. அந்த விலக்கின் வரம்பு 2021இல் ஆண்டுக்கு 2,400 யூரோவிலிருந்து 3,000 யூரோவாக உயர்த்தப்பட்டது. அது ஒருவரின் பிழைப்புக்குப் போதாது. பேருந்துக் கட்டணத்துக்கும் காலணிக்கும் கைப்பணம் போடாமல் அவர் தொடர்ந்து வருவதற்குப் போதும். தன்னார்வலர்கள் விலகுவதற்குப் பெரும்பாலும் பணம் காரணமில்லை. சோர்வும், படிவங்களும், தனியாகச் சுமக்கிறோம் என்ற உணர்வும்தான்.

செயலாளர் கேட்ட மாற்று அளவுகோலுக்கு வருகிறேன். நார்வேயில் உள்ளூர்ச் செயல்பாட்டு நிதி என்று ஒன்று உண்டு. அரசின் சூதாட்ட நிறுவனத்தின் உபரியிலிருந்து வரும் அந்தப் பணத்தை, உள்ளூர் விளையாட்டு மன்றங்கள் 6 முதல் 19 வயதுள்ளோர் விளையாடும் கழகங்களுக்குப் பிரித்துத் தருகின்றன. பதக்கத்துக்கு அதில் இடமில்லை. 2009 முதல், பந்தயம் கட்டுவோர் தம் தொகையின் ஒரு சிறு பங்கு எந்தக் கழகத்துக்குப் போக வேண்டும் என்று தாமே குறிப்பிடும் வசதியும் இருக்கிறது. சூதாட்டப் பணத்தில் பிள்ளைகள் விளையாடுவது எனக்கு உவப்பானதன்று. ஆயினும் பங்கிடும் முறையை எடுத்துக்கொள்வதில் தவறில்லை. உங்கள் வரைவில், பதக்கம் இருக்கும் இடத்தில் "ஆண்டு முழுவதும் நடந்த பயிற்சி மணிகளும், அவற்றுக்கு வந்த இளையோர் எண்ணிக்கையும்" என்று எழுதச் சொல்லுங்கள். வெறும் உறுப்பினர் எண்ணிக்கை வேண்டாம். ஒரே மாதத்தில் பெயர்கள் பெருகிவிடும்.

மறுமொழி 5 (கழகச் செயலாளர்)

மிக்க நன்றி. மாற்றுக் கருத்துச் சொன்ன நண்பருக்கும் சேர்த்தே சொல்கிறேன். கழகம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நாங்களே முன்வந்து எழுதப்போகிறோம்.

வரைவில் இன்னொரு விதி இருக்கிறது. முதலில் அதன் தன்மை எனக்கு விளங்கவில்லை. கழகம் முதலில் தன் பணத்தில் செலவு செய்து, ரசீதுகளைக் கொடுத்தால், நிதியாண்டின் முடிவில் அந்தத் தொகை திருப்பித் தரப்படுமாம். மேலும் மொத்தச் செலவில் பாதியைக் கழகம் பணமாகக் காட்ட வேண்டுமாம். வங்கியில் இருப்பு வைத்திருக்கும் பெரிய கழகங்களைத் தவிர மற்றவை இதில் விண்ணப்பிக்கவே முடியாது என்று நினைக்கிறேன். இதற்கு என்ன மாற்றுக் கேட்கலாம்?

மறுமொழி 6 (கணக்குத் தணிக்கையாளர்)

சரியாகவே நினைக்கிறீர்கள். செலவு செய்தபின் திருப்பித் தரும் முறை தணிக்கைக்கு வசதியானது. ஆனால் கடன் வாங்கத் தகுதியுள்ளவருக்கே மானியம் என்ற நிலையை அது உண்டாக்கும். ஒரு குறிப்பிட்ட வரம்புக்குக் கீழுள்ள மானியத்தை இரண்டு தவணைகளாகத் தரச் சொல்லுங்கள்: ஒப்பந்தத்தின்போது முன்பணமாகப் பெரும்பகுதி, முதல் தவணையின் கணக்கைக் கொடுத்தபின் எஞ்சியது. கணக்குக் கொடுக்காத கழகம் அடுத்த சுற்றில் விண்ணப்பிக்க முடியாது என்ற தடையே போதுமான பாதுகாப்பு. ஓர் ஆண்டுக்கு மட்டும் தராமல் மூன்றாண்டுக்கு உறுதி தந்தால், பயிற்றுநரை நம்பிக்கையுடன் அமர்த்தவும் முடியும்.

கழகத்தின் பங்கைப் பணமாக மட்டும் காட்டச் சொல்வதை மாற்றலாம். நார்வேயில் மைதானக் கட்டுமான மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது, உறுப்பினர்கள் கூடிச் செய்யும் உழைப்பின் மதிப்பையும் திட்டச் செலவில் சேர்த்துக்கொள்கிறார்கள். மணிக்கு இவ்வளவு என்று ஒரு மதிப்பை உள்ளாட்சியே நிர்ணயித்து, வருகைப் பதிவேட்டை ஆதாரமாக ஏற்றால் பொய்க்கணக்குக்கு இடம் குறையும்.

படிவம் தொகைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சிறு மானியத்துக்கு இரண்டு பக்க அறிக்கையும் ரசீதுகளின் நகலும் போதும். பட்டயக் கணக்காளரின் சான்றிதழைப் பெரிய தொகைகளுக்கு மட்டும் கேட்கட்டும். கட்டுமானத்துக்கு மானியம் தருவதாக இருந்தால், அந்த இடத்தின் குத்தகை இன்னும் எத்தனை ஆண்டுக்கு இருக்கிறது, பராமரிப்புச் செலவு எங்கிருந்து வரும் என்ற இரண்டு கேள்விகளும் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். குத்தகை முடியும் தறுவாயில் உள்ள இடத்தில் கட்டடம் எழுப்பினால், பலன் நிலவுரிமையாளருக்கே போய்ச் சேரும்.

உங்கள் பக்கத்திலிருந்து இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மானியத்துக்கெனத் தனி வங்கிக் கணக்கு, காசோலையில் இருவர் கையொப்பம், பயிற்சி நாள்தோறும் வருகைப் பதிவேடு ஆகியவற்றைத் தொடங்கிவிடுங்கள். அந்தப் பதிவேட்டில் சென்ற சில மாதங்களின் பக்கங்களை உங்கள் பதிலுடன் இணைத்து அனுப்பினால், பயிற்சி மணிகளை அளக்கவே முடியாது என்று யாரும் மறுக்க இயலாது.