பெயிண்ட் வாளியில் முளைத்த இமாம் பசந்த்: வளர்க்கவா, பிடுங்கவா?

மதுரை மொட்டைமாடி:
போன வருடம் ஆனியில் நாத்தனார் தன் வீட்டுக் கொல்லையில் காய்த்த இமாம் பசந்த் மாம்பழம் ஆறு திருச்சியிலிருந்து கொண்டுவந்தார். ஒரு கொட்டையை மகள் காலி பெயிண்ட் வாளியில் புதைத்துவிட்டாள். நான் மறந்தே போனேன். மூன்றாவது வாரம் செம்பு நிறத்தில் இலை விட்டு நிற்கிறது! இப்போது முழங்காலைத் தாண்டிவிட்டது, தண்டு பென்சில் கனம்.

எதிர்வீட்டு மாமா பார்க்கும்போதெல்லாம், "பிடுங்கிப் போட்டுட்டு ஒட்டுக்கன்று வாங்கும்மா" என்கிறார். மகளோ பள்ளிக்கூடம் போகுமுன் தினமும் இலை எண்ணுகிறாள். இதில் இமாம் பசந்த்தே காய்க்குமா? அப்புறம், இலை நுனி கருகுகிறது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

குமரித் தோட்டம்:
கொட்டையிலிருந்து எத்தனை முளை வந்தது? எங்கள் பக்கத்து மூவாண்டன் என்றால் ஒரே கொட்டையில் மூன்று நான்கு முளைக்கும், பெரும்பாலும் தாய்மரத்தை உரித்துவைத்தபடி வரும். இமாம் பசந்த், பங்கனப்பள்ளி, மல்கோவா எல்லாம் ஒற்றை முளை. பூவில் எந்த மரத்து மகரந்தம் விழுந்ததோ அந்தக் குணமும் கலந்துவிடும்.

மதுரை மொட்டைமாடி:
ஒன்றே ஒன்றுதான் அண்ணா.

சேலத்துக்காரன்:
எங்கள் அப்பா ஆசையாய் மல்கோவாக் கொட்டை ஊன்றினார். எட்டாவது வருடம்தான் காய்த்தது. கோழிமுட்டை அளவு, வாயெல்லாம் நார். ஊறுகாய்க்கு மட்டும் அருமை. இப்போது அதன் நிழலில் மாடு கட்டுகிறோம்.

பழைய நர்சரிக்காரர்:
மாமா சொன்னதில் பாதிதான் சரி. நர்சரியில் வாங்கும் ஒட்டுக்கன்றுக்கும் அடியில் இருப்பது கொட்டையில் முளைத்த செடிதானே? பிடுங்காதீர்கள், அதிலேயே ஒட்டு கட்டுங்கள்.

நாத்தனார் வீட்டு மரத்தில், உங்கள் செடியின் கனத்தில், மூன்று நான்கு மாதம் முதிர்ந்த நுனிக்குச்சி ஒன்றைப் பார்த்துவைக்கச் சொல்லுங்கள். வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே இலைகளைக் கிள்ளிவிட வேண்டும், காம்பு மட்டும் இருக்கட்டும். மொட்டு பருத்ததும் வெட்டி, ஈரத்துணி சுற்றி அன்றைக்கே பஸ் ஏற்றிவிடலாம். இங்கே செடியை ஒரு சாண் உயரத்தில் வெட்டி, நடுவில் ஒன்றரை அங்குலம் பிளந்து, குச்சியின் அடியை ஆப்புப் போலச் சீவிச் செருகுங்கள். ஒரு பக்கமாவது பட்டையோடு பட்டை ஒட்டியாக வேண்டும். இதில்தான் பலரும் கோட்டைவிடுவார்கள். பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டி, மேலே ஐஸ் பாக்கெட் கவரை மாட்டி நிழலில் வையுங்கள். மூன்று வாரத்தில் துளிர் தெரியும். கட்டுக்குக் கீழே வரும் துளிரையெல்லாம் ஒடித்துவிடுங்கள். ஆடி, ஆவணி ஈரக்காற்றில் நன்றாகப் பிடிக்கும். காய்த்த மரத்துக் குச்சி என்பதால் மூன்று நான்கு வருடத்தில் காய் பார்க்கலாம்.

இலை கருகுவது பெரும்பாலும் உப்பு. மழைநீர் பிடித்து ஊற்றுங்கள். வாளியில் ஓட்டை இருக்கிறதா?

மதுரை மொட்டைமாடி:
சாய்த்துப் பார்த்தேன் ஐயா. ஒரே ஒரு ஓட்டை, அதையும் வேர் அடைத்திருக்கிறது. இப்போதுதான் சுற்றிலும் ஆறு ஓட்டை போட்டேன். நாத்தனாரிடம் பேசியாயிற்று, இந்த வாரமே இலை கிள்ளிவிடுவார்.

செடியின் தலையை வெட்டப்போகிறோம் என்று மகளிடம் யார் சொல்வது என்பதுதான் பாக்கி. நேற்று எண்ணிக்கை இருபத்து மூன்று.